கிட்டப்பாவை முதல்முறை கேட்கப் போகிறீர்களா?

அந்தக் கால நாடக மேடையின் பாடகர்-நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் பாட்டைப் போட்டுவிட்டு, ஒரே இரைச்சலாக இருக்கிறதே என்று அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறேன். ஆனால் 27 வயதில் போய்விட்ட ஒரு மனிதரின் குரலில் நமக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சில இசைத்தட்டுகள் மட்டும்தான். தமிழில் பேசும்படம் 1931-இலேயே வந்துவிட்டது, அவர் ஒன்றிலும் நடிக்கவில்லை. அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் ஹெட்போனைப் போட்டுக்கொள்ளுங்கள், போன் ஸ்பீக்கரில் கேட்டால் இரைச்சல்தான் முன்னால் நிற்கும். ஒரே பாட்டு இணையத்தில் இரண்டு மூன்று பதிவுகளாகக் கிடைத்தால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கேட்டுப் பாருங்கள், ஏனென்றால் பழைய தட்டை வேகம் சரிபார்க்காமல் பதிவு செய்தால் குரல் கீச்சென்று ஆகிவிடும், வார்த்தைகளும் ஓடும். அவர் குரலே மேல் ஸ்தாயியில் நிற்கிற குரல், அதை வேகக் கோளாறு என்று நினைத்துவிடவும் கூடாது. சொற்கள் தெளிவாக விழுகிற பதிவை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்றை மனதில் வையுங்கள். அவர் பாடிப் பழகியது மைக் இல்லாத மேடையில். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேர வேண்டும், அதற்காக வீசிய குரல் அது. தட்டிலோ ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் இடம், ஆக மேடையில் விரித்துப் பாடியதன் சுருக்கம்தான் நம் கைக்கு வந்திருக்கிறது.

எதில் தொடங்கலாம் என்றால், வள்ளலாரின் 'கோடையிலே இளைப்பாற்றி' விருத்தத்தில். தாளம் கிடையாது, தமிழ் புரியும், குரலை மட்டும் கவனிக்கலாம். அடுத்து நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் 'காயாத கானகத்தே', வள்ளி திருமணம் நாடகத்தில் வருகிற பாட்டு. இதைக் காட்சியோடு சேர்த்துக் கேட்க வேண்டும்: வேடனாக வந்த முருகன் தினைப்புனத்தில் வள்ளியிடம் மானைத் தேடுவதாகச் சொல்கிறான், அவன் சொல்கிற அந்த மேயாத மான் வள்ளியேதான். இது தெரிந்துவிட்டால் பாட்டு வேறு மாதிரி கேட்கும். தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனையான 'எவரனி'யைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதல் இரண்டும் பழகியபின் அது தானாகவே பிடிபடும்.

வாழ்க்கைக் கதையைப் பாட்டுக்கு அப்புறம் படியுங்கள் என்பதுதான் என் கட்சி. சாவிலிருந்து தொடங்கினால் எல்லாப் பாட்டும் சோகமாகவே கேட்கும், அது அவருக்குச் செய்கிற அநியாயம். 1906-இல் அன்று திருவிதாங்கூரில் இருந்த செங்கோட்டையில் பிறந்தார், சிறுவயதிலேயே நாடகத்துக்குப் போனார், கன்னையா நாடகக் கம்பெனியில் பெரும் பெயர் எடுத்தார், இலங்கை மேடையில் கே.பி. சுந்தராம்பாளோடு ஜோடி சேர்ந்தார், அவரையே மணந்தும் கொண்டார், ஏற்கெனவே அவருக்கு ஒரு மனைவி உண்டு. 1933 டிசம்பர் 2-இல் இறந்தார். இவர்களைப் பற்றிக் கதைகள் ஏராளம், சுவையாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் நம்பிவிடாதீர்கள்.

இனி சுந்தராம்பாளுக்கு வாருங்கள். கணவர் போனபோது அவருக்கு வயது 25. வெள்ளைச் சேலைக்கு மாறினார், வேறு ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று இருந்தார், 1935-இல் வந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். 1980 வரை வாழ்ந்தார். அவருடைய பழைய நாடகப் பாட்டு ஒன்றையும் கிட்டப்பா பாட்டு ஒன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள், இந்த இரண்டு குரலும் ஒரே மேடையில் எதிரெதிரே நின்றால் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

முடிந்தால் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் போடுகிற இரவு ஒன்றுக்குப் போங்கள். ஆர்மோனியக்காரர் பக்கமாக இடம் பிடியுங்கள், அங்கேதான் பாட்டு நன்றாகக் கேட்கும்.