ஓடும் சர்வரை நிறுத்தாமல் புது பைத்தான் ஆப் ஏற்றுவது

சுங்கை சிப்புட்டில் ஒரு டியூஷன் சென்டரின் மினி பிசியில் கட்டணப் பதிவேடும் கோயில் உபயப் பட்டியலும் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். தைப்பூசத்துக்கு முன் அன்னதானப் பதிவுக்கு மூன்றாவது ஆப் வேண்டும். உபயம் எழுதுகிறவர்களுக்கு நடுவில் அறுந்துவிடக் கூடாது.

பைத்தான் ஆப்களை ஓடவிடும் சர்வர் மென்பொருளான யூடபிள்யூஎஸ்ஜிஐ-யில் (uWSGI), பல ஆப்களை ஒரே இடத்திலிருந்து மேற்பார்வையிடும் எம்பரர் முறை இதற்கென்றே இருக்கிறது. அந்த மென்பொருள் இப்போது பராமரிப்பு நிலையில்தான் உள்ளது, பெரிய புது வசதிகள் வராது. இருந்தாலும் இந்த வேலைக்கு குனிகார்ன் என்ற இன்னொரு பைத்தான் சர்வரைவிட இதுவே கைக்கு அடக்கம்.

1. எம்பரருக்கு ஒரு ஃபோல்டரைக் காட்டி சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் நிரல்) சர்வீஸாக ஓடவிடுங்கள். 3 விநாடிக்கு ஒருமுறை அதை எட்டிப் பார்க்கும். புது ஐஎன்ஐ ஃபைல் (ஒரு ஆப்பின் அமைப்புகளை எழுதும் ஃபைல்) தெரிந்தால் அந்த ஆப்பை எழுப்பும், ஃபைல் போனால் நிறுத்தும்.

2. அந்த ஃபைலில் ஆப் ஃபோல்டர், வெர்ச்சுவல் என்வ் (அந்த ஆப்புக்கான தனி பைத்தான் சூழல்), மாஸ்டர் (மற்ற புராசஸ்களைக் கவனிக்கும் தலைமை புராசஸ்), புராசஸ் 2, சாக்கெட் (வெப் சர்வரும் ஆப்பும் பேசிக்கொள்ளும் ஃபைல்) ஆகியவற்றை எழுதுங்கள். மாட்யூல் வரியில் ஃபைல் பெயர், முக்காற்புள்ளி, வேரியபிள் பெயர். வேரியபிளை விட்டால் அது 'அப்ளிகேஷன்' என்ற பெயரைத் தேடும். ஃபிளாஸ்க் (பைத்தான் வெப் ஃபிரேம்வொர்க்) பாடங்களிலோ பெரும்பாலும் 'ஆப்' என்றே இருக்கும். பிறகென்ன, இன்டர்னல் சர்வர் எரர்தான்.

3. ஃபைலை அந்த ஃபோல்டருக்குள்ளேயே திறந்து எழுதாதீர்கள். பாதியில் சேவ் செய்தாலும் எம்பரர் எடுத்துக்கொள்ளும். வெளியே எழுதி முடித்து உள்ளே நகர்த்துங்கள். பிறகு திருத்தினால் ஒரு 'டச்' (ஃபைலின் நேரத்தைப் புதுப்பிக்கும் கட்டளை) கொடுங்கள், அந்த ஆப் மட்டும் ரீலோட் ஆகும்.

4. முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸில் புது லொக்கேஷன் (எந்த முகவரி எந்த ஆப்புக்கு என்று சொல்லும் பகுதி) சேர்த்து, கான்ஃபிக்கைச் சோதித்து, ரீலோட். ரீஸ்டார்ட் வேண்டாம்.

இப்போது 502 (ஆப்பிடமிருந்து சரியான பதில் கிடைக்கவில்லை என்ற பிழை) வரலாம். பெரும்பாலும் சாக்கெட் அனுமதிதான் காரணம். என்ஜின்எக்ஸ் எரர் லாக்கைப் பாருங்கள். 'பெர்மிஷன் டினைட்' என்றால் ஆப் ஓடுகிறது, ஆனால் என்ஜின்எக்ஸ் ஓடும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா பயனரால் சாக்கெட்டைத் தொட முடியவில்லை. சாக்கெட்டின் குரூப்பை அந்தப் பெயருக்கு மாற்றி, அனுமதி 660 (உரிமையாளரும் குரூப்பும் மட்டும் படிக்க, எழுத) கொடுங்கள். சாக்கெட் இருக்கும் ஃபோல்டருக்குள் நுழையவும் அந்தக் குரூப்புக்கு அனுமதி வேண்டும். எல்லோருக்கும் திறக்கும் 666 போட்டாலும் ஓடும்தான், அது வாசலைத் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரி. 'நோ சச் ஃபைல்' என்றால் பெரும்பாலும் ஆப் எழவே இல்லை. எம்பரர் லாக்குக்குப் போங்கள்.

சாக்கெட் இருந்தும் 502 வந்து, அந்த லாக்கில் 'அன்அவைலபிள் மாடிஃபையர் ரிக்வெஸ்டட்: 0' என்று இருந்தால் ஏப்ட் (லினக்ஸ் பேக்கேஜ் கருவி) வழியாக நிறுவியிருப்பீர்கள், பைத்தான்3 பிளகினைச் சேருங்கள். பிப் (பைத்தானின் பேக்கேஜ் கருவி) வழியில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எம்பரரும் எல்லா வெர்ச்சுவல் என்வும் ஒரே பைத்தான் பதிப்பில் இருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: கரண்ட் போய் வந்ததும் எல்லா ஆப்பும் 502 காட்டினால், சாக்கெட் ஃபோல்டரை 'ரன்' அடியில் கையால் உருவாக்கியிருப்பீர்கள். அது மெமரியில் இருக்கும் இடம், ரீபூட்டில் காலி. சர்வீஸ் ஃபைலில் 'ரன்டைம் டைரக்டரி' வரி சேர்த்தால் சிஸ்டம்டியே ஒவ்வொரு முறையும் உருவாக்கிக் கொடுக்கும்.