போலீஸ் – ரவுடி சீரிஸ் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையைக் களமாக வைத்து போலீஸ் – ரவுடி கதை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள். தோளில் நட்சத்திரம் குறைவது, தொப்பி இல்லாமல் சல்யூட் அடிப்பது, கோர்ட்டில் சுத்தியல் தட்டுவது போன்றவற்றை இங்கே எடுக்கவில்லை. காஸ்ட்யூம் பார்ப்பவரோ உதவி இயக்குநரோ படப்பிடிப்பு அன்றே அவற்றைத் திருத்திவிடுவார். கீழே உள்ளவை கதைக்குள்ளேயே வேர் விட்டிருப்பவை. ஒன்றைப் பிடுங்கினால் மூன்று எபிசோடு கூடவே வரும்.

கொலை வழக்கு யார் மேஜைக்குப் போகிறது

சென்னை ஸ்டேஷன்களில் சட்டம் ஒழுங்குக்கு ஒரு இன்ஸ்பெக்டர், குற்றப்பிரிவுக்கு ஒருவர். 'குற்றப்பிரிவு' என்ற பெயரைப் பார்த்ததும் கொலையைத் தூக்கி அவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். கொலையை விசாரிப்பவர் சட்டம் ஒழுங்கு இன்ஸ்பெக்டர். திருட்டு, வழிப்பறி, செயின் பறிப்பு மாதிரி சொத்து சம்பந்தப்பட்டவைதான் குற்றப்பிரிவுக்கு. ரவுடிகளின் சரித்திரப் பதிவேடும் (ஹிஸ்டரி ஷீட்) சட்டம் ஒழுங்குப் பக்கம்தான் இருக்கிறது. ஹீரோவைக் குற்றப்பிரிவில் உட்கார வைத்துவிட்டு ஏ பிளஸ் (போலீஸ் பட்டியலில் மிக ஆபத்தான வகை) ரவுடியைத் துரத்தச் சொன்னால், அவர் ஏன் துரத்துகிறார் என்பதற்குத் தனியாக ஒரு காரணம் எழுத வேண்டியிருக்கும். கமிஷனர் தனிப்படை அமைப்பது அதற்கு எளிய வழி.

எல்லையும் முக்கியம். மாநகரத்தில் ஏ.சி. (உதவி கமிஷனர்), டி.சி. (துணை கமிஷனர்) என்றால் மாவட்டத்தில் அந்த இடங்களில் இருப்பவர்கள் டி.எஸ்.பி., எஸ்.பி. 2022 ஜனவரியில் ஆவடியும் தாம்பரமும் தனி கமிஷனரகங்கள் ஆகிவிட்டன. தாம்பரம் எல்லையில் நடந்த வெட்டுக்குச் சென்னை கமிஷனர் பேட்டி கொடுக்கும் காட்சி இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஒரே கும்பல் மூன்று கமிஷனரகங்களில் வேலை பார்க்கும்போது வழக்கு யாருக்கு, பெயர் யாருக்கு என்கிற இழுபறி இருக்கிறதே, அது சும்மா கிடைக்கிற நாடகம். அதை விட்டுவிட்டு வில்லனுக்கு இன்னொரு தங்கச் சங்கிலி மாட்டுகிறார்கள்.

இன்னொன்று: ஸ்டேஷன் ரைட்டர். எஃப்.ஐ.ஆர். வாசகம் அவர் கையில்தான் உருவாகிறது. அந்தப் பாத்திரமே இல்லாத ஸ்டேஷன்தான் பெரும்பாலான ஸ்கிரிப்ட்களில் வருகிறது.

லாக்கப் வாக்குமூலத்தில் கேஸை முடிப்பது

அமைப்பு எப்போதும் ஒன்றுதான். ஏழு எபிசோடு துரத்தல். எட்டாவதில் கும்பல் தலைவனின் வலது கை சிக்குகிறான். இருட்டறை, ஒற்றை பல்பு, லத்தி. விடியும்போது அவன் எல்லாவற்றையும் கக்கிவிடுகிறான், இன்ஸ்பெக்டர் எழுதி வாங்குகிறார், தலைவன் கைது, தீர்ப்பு. முழு சீசனும் இந்த ஒரு காகிதத்தின் மேல் நிற்கிறது. அந்தக் காகிதத்துக்கோ கோர்ட்டில் மதிப்பே கிடையாது.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை, கொடுத்தவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தில் பிரிவுகள் 25, 26. இப்போது அதற்குப் பதில் வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமில் பிரிவு 23. அடித்து வாங்கினாலும் டீ வாங்கிக் கொடுத்து வாங்கினாலும் ஒன்றே. கேட்டவர் ஏட்டானாலும் ஐ.ஜி. ஆனாலும் ஒன்றே. இதைச் சுட்டிக்காட்டினால் 'ஆடியன்ஸுக்கு அதெல்லாம் தெரியாது சார்' என்று பதில் வரும். சாட்சி பிறழ்ந்து ரவுடி விடுதலையான செய்தியைப் பேப்பரில் படித்தே வளர்ந்த ஆடியன்ஸ் அது. தெரியாதது யாருக்கு என்பதுதான் கேள்வி.

தவறு எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்கலாம். மகாராஷ்டிராவின் 1999ஆம் ஆண்டு மோக்கா (திட்டமிட்ட குற்றத் தடுப்பு) சட்டத்தில், எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி முறைப்படி பதிவு செய்யும் வாக்குமூலம் செல்லும். அதனால் மும்பைக் கதையில் அந்தக் காட்சிக்கு இடம் உண்டு. அதை அப்படியே பெயர்த்துக் காசிமேட்டில் வைத்தால் நிற்காது. ஐ.பி.சி.க்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) பிரிவு 111 திட்டமிட்ட குற்றத்துக்கென்றே வந்ததுதான். ஆனால் அது வாக்குமூல விதியைத் தொடவில்லை. தவிர, அந்தப் பிரிவு பாய வேண்டுமானால் கடந்த பத்து ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகைகள் தாக்கலாகி, நீதிமன்றம் அவற்றைக் கோப்பில் எடுத்திருக்க வேண்டும். முதல் எபிசோடில் தலையெடுக்கும் புதுக் கும்பல் மேல் அதைப் போட முடியாது.

அப்படியானால் எது செல்லும்? வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்புக்கு நேரடியாக இட்டுச்சென்ற பகுதி மட்டும் செல்லும். 1946இல் புலுக்குரி கோட்டய்யா வழக்கில் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் போட்ட கோடு இன்றைக்கும் அதுதான். 'அவனை வெட்டிய அருவாளை முள்புதரில் மறைத்து வைத்திருக்கிறேன், வந்தால் எடுத்துத் தருகிறேன்' என்று ஒருவன் சொன்னால், 'அவனை வெட்டிய' என்பது உதிர்ந்துவிடும். மறைத்து வைத்ததும் எடுத்துத் தருவதாகச் சொன்னதும்தான் மிஞ்சும். அந்த அருவாளால்தான் வெட்டினான் என்பதை வேறு சாட்சியத்தால் நிரூபித்தாக வேண்டும்.

இதைக் காட்சியாக்க வேண்டிய வரிசை: வி.ஏ.ஓ.வையும் அவர் உதவியாளரையும் வரவழைப்பது. அவர்கள் முன்னிலையில் வாக்குமூலம் பதிவாவது. குற்றம் சாட்டப்பட்டவன் வழிகாட்ட ஜீப் புறப்படுவது. புதருக்குள் அவனே கைவிட்டு எடுப்பது. நேரம், இடம், அடையாளம் எழுதிப் பறிமுதல் மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பதிவு) போட்டுக் கையெழுத்து வாங்குவது. பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்) பிரிவு 105 வந்தபின் பறிமுதலை வீடியோவிலும் பதிய வேண்டும். பிறகு சீல் வைத்து, வழக்குச் சொத்துக்கான படிவம் 95இல் கோர்ட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து தடய அறிவியல் பரிசோதனைக்கு.

இதில் ஒவ்வொரு படியும் உடையக்கூடியது, கதை இருப்பது அங்கேதான். எல்லாரும் நடமாடும் திறந்தவெளியில் கிடைத்த ஆயுதம் என்றால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். அந்த இடம் போலீசுக்கு முன்பே தெரியும் என்று தெரியவந்தால் அது கண்டுபிடிப்பே ஆகாது. குறுக்கு விசாரணையில் வி.ஏ.ஓ. 'ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க, கையெழுத்துப் போட்டேன்' என்று சொன்னால் மகஜர் கூரை பிரிந்துவிடும். கத்தியில் ரத்தம் இருக்கிறது, ஆனால் ரத்தப் பிரிவு கண்டறிய முடியவில்லை என்று அறிக்கை வந்தால் பாதி பலம் போச்சு.

தலைவனைப் பிடிப்பது இன்னும் கடினம். அவன் சம்பவ இடத்திலேயே இருந்திருக்க மாட்டான். அடியாள் போலீசிடம் தலைவன் பெயரைச் சொன்னான் என்பதை வைத்து அவனை உள்ளே வைக்க முடியாது. ஸ்கிரிப்டுக்கு இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. ஒன்று, மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம், பி.என்.எஸ்.எஸ். பிரிவு 183. வாக்குமூலம் கொடுக்கக் கட்டாயமில்லை, கொடுத்தால் உனக்கு எதிராகவே பயன்படும் என்று மாஜிஸ்திரேட் சொல்லியே ஆக வேண்டும். யோசிக்க அவகாசமும் கொடுப்பார்கள். போலீஸ் பக்கத்தில் நிற்கக் கூடாது. 'மாட்டேன்' என்று அவன் சொல்லிவிட்டால் அவனை மறுபடி போலீஸ் காவலுக்கு அனுப்பவும் முடியாது. வேனில் தலையாட்டியவன் மாஜிஸ்திரேட் முன் வாய் மூடுவது எந்த லத்திக் காட்சியையும் விட வலிக்கும். இரண்டாவது, அவனை அப்ரூவர் ஆக்குவது, அதாவது மன்னிப்புக்கு ஈடாகத் தலைவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைப்பது. ஏற்கெனவே ஜாமீனில் இல்லையென்றால் விசாரணை முடியும்வரை அவன் காவலில்தான் இருப்பான். அதே சிறையில் தலைவனின் ஆட்கள் இருப்பார்கள். இதற்கு மேல் சஸ்பென்ஸ் எதற்கு?

கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. கைதான 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். போலீஸ் காவல் மொத்தமாக 15 நாள்தான். முன்பு அது முதல் 15 நாளுக்குள் முடிந்துவிடும். இப்போது கொலை வழக்கில் முதல் 60 நாளுக்குள் பிரித்தும் கேட்கலாம். 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் அவன் உரிமை. தடய அறிவியல் அறிக்கைக்காகக் காத்திருக்கும் 88ஆம் நாள் ஒரு முழு எபிசோடு தாங்கும்.

'குண்டாஸ்ல போட்டுடுவேன்'

இன்ஸ்பெக்டர் இப்படி மிரட்டுவது யதார்த்தம். அவரே போடுவதாகக் காட்டுவது தவறு. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14இன் (அதுதான் குண்டாஸ், விசாரணையின்றி அடைத்து வைக்கும் சட்டம்) கீழ் உத்தரவு போடுபவர் மாநகரில் கமிஷனர், மாவட்டத்தில் கலெக்டர். இன்ஸ்பெக்டர் பரிந்துரை ஆவணக் கட்டைத் தயார் செய்து மேலே அனுப்புபவர். அதிகபட்சம் 12 மாதம்.

வீட்டுக் கதவை உடைத்து குண்டாஸில் தூக்கும் காட்சிகளும் வருகின்றன. நடப்பில், வேறு வழக்கில் ஏற்கெனவே ரிமாண்டில் இருப்பவனுக்கு, அவன் ஜாமீனில் வந்துவிடும் வாய்ப்பு இருக்கிறது என்ற காரணத்தோடு, சிறையிலேயே உத்தரவு கையில் கொடுக்கப்படுவதுதான் வழக்கம். காரணங்களை 5 நாளுக்குள் அவனுக்குக் கொடுக்க வேண்டும், 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் வேண்டும், 3 வாரத்துக்குள் உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் குழுமத்துக்குப் போக வேண்டும். வக்கீல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுவார். அங்கே பேசப்படுவது அவன் நல்லவனா கெட்டவனா என்பதல்ல. உத்தரவை எதிர்த்து அவன் அரசுக்குக் கொடுத்த மனுவைப் பரிசீலிக்க எத்தனை நாள் தாமதம், ஆவணக் கட்டில் எந்தப் பக்கம் படிக்க முடியாமல் இருக்கிறது என்பதுதான். தெளிவில்லாத ஒரு ஜெராக்ஸ் பக்கம் ரவுடியை வெளியே கொண்டுவருவதை எந்தச் சண்டைக் காட்சியும் ஈடுகட்டாது. (திருட்டு வீடியோக்காரர்களையும் இதே சட்டத்தில் 2004இல் சேர்த்துவிட்டார்கள். சினிமாக்காரர்களாவது இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.)

'வாரன்ட் இருக்கா?'

கொலைக்குக் கைது செய்ய வாரன்ட் தேவையில்லை. பழைய ரவுடிக்கு அது நன்றாகவே தெரியும்.

ஆஸ்பத்திரிச் சீட்டை மறப்பது

வெட்டுப்பட்டவன் முதலில் போவது ஸ்டேஷனுக்கு அல்ல, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. அங்கே டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதுதான் முதல் பதிப்பு: யார் அழைத்து வந்தார், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் எந்த ஆயுதத்தால் தாக்கியதாகச் சொல்கிறார்கள். அதில் 'அடையாளம் தெரியாத 3 பேர்' என்று இருந்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பதிவாகும் எஃப்.ஐ.ஆரில் பெயரோடு 5 பேர் வந்தால் வழக்கு அன்றைக்கே நொண்டத் தொடங்கிவிடும். காயம்பட்டவன் நான்காம் நாள் இறந்தால் புது எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை. கொலை முயற்சியிலிருந்து கொலைக்குப் பிரிவு மாற்றிய அறிக்கை கோர்ட்டுக்குப் போகும்.

போனில் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பது

டவர் விவரம் பகுதியைத்தான் காட்டும். எந்த வீட்டில், எந்த மாடியில் என்று காட்டாது. அழைப்புப் பதிவு எடுப்பது வேறு, பேச்சை ஒட்டுக்கேட்பது வேறு. ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும். அது 60 நாள் செல்லும், நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. எஸ்.ஐ. ஒருவர் லேப்டாப்பைத் திறந்து தலைவன் பேசுவதைக் கேட்கும் காட்சியை வெட்டிவிடலாம். பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது சாக்ஷிய அதிநியம் பிரிவு 63இன் கீழ் சான்றிதழும் இருக்க வேண்டும் (பழைய 65பி). சான்றிதழ் இல்லாத பென் டிரைவ் வெறும் பிளாஸ்டிக்.

சஸ்பெண்ட் ஆன ஹீரோ ரெய்டு போவது

போக முடியாது.

என்கவுன்டரில் கதையை முடிப்பது

சுட்டதோடு டைட்டில் போடுகிறார்கள். 2014இல் பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) எதிர் மகாராஷ்டிரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகள் வகுத்தது. எஃப்.ஐ.ஆர். பதிவாக வேண்டும். விசாரணை சி.ஐ.டி.யிடமோ வேறு ஸ்டேஷனின் குழுவிடமோ போக வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும். சுட்டவர் தன் ஆயுதத்தைப் பரிசோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். சம்பவம் நடந்த கையோடு வீர விருதோ பதவி உயர்வோ கிடையாது. கடைசிக் காட்சியில் ஹீரோ நெஞ்சில் பதக்கம் குத்தும் ஸ்கிரிப்ட் இதில்தான் அடிபடுகிறது.

குண்டுக் கணக்கும் இருக்கிறது. இந்தியத் தயாரிப்பு 9 எம்.எம். பிஸ்டலின் மேகசினில் 13 குண்டு. எத்தனை வாங்கினார், எத்தனை சுட்டார், காலித் தோட்டா எங்கே என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். இருபது முறை சுட்டுவிட்டு மேகசின் மாற்றாத ஹீரோ, விசாரணை அதிகாரி முன் என்ன எழுதிக் கொடுப்பார்?

வருடம்

1998இல் நடக்கும் கதையில் ரவுடியைப் புழலுக்கு அனுப்பாதீர்கள். அப்போது சென்ட்ரல் பக்கத்தில் பழைய மத்திய சிறை இருந்தது, புழல் வந்தது 2006இல். சட்டப் பிரிவுகளில் கோடு 2024 ஜூலை 1. அதற்கு முன் நடந்த கொலைக்கு ஐ.பி.சி. 302, அதன்பின் நடந்ததற்கு பி.என்.எஸ். 103. சம்பவம் 2024 ஜூனில் நடந்து விசாரணை 2026இல் வந்தாலும் குற்றச்சாட்டு 302தான். சம்பவம் 2025இல் என்றாலும் பழைய ஏட்டு பேச்சுவாக்கில் 'த்ரீ நாட் டூ' என்று சொல்லலாம், அது வாய்ப்பழக்கம். அதே எபிசோடில் எஃப்.ஐ.ஆர். க்ளோசப்பில் அது தெரிந்தால்தான் ரீஷூட்.