கிளஸ்டர் நோடுகளுக்கிடையே இணைப்பைச் சோதிக்கும் முறை

லினக்ஸ் கிளஸ்டரில் (ஒன்றாக இயங்கும் கணினித் தொகுப்பில்) ஓர் எம்பிஐ நிரல், அதாவது பல கணினிகளில் செய்தி பரிமாறிக்கொண்டு ஒரே வேலையைச் செய்யும் நிரல், தொடங்கியதும் அசையாமல் நின்றுவிட்டால், நிரலில் கை வைப்பதற்கு முன் நோடுகள் (தொகுப்பிலுள்ள கணினிகள்) ஒன்றையொன்று எட்டுகின்றனவா என்பதைக் கீழிருந்து மேலாகச் சோதிக்க வேண்டும்.

முதலில் பெயர்களைச் சரிபாருங்கள். ஒவ்வொரு நோடிலும் கெட்எண்ட் கட்டளையால் மற்ற நோடுகளின் பெயர்களைத் தேடி, எங்கும் ஒரே ஐபி முகவரி வருகிறதா என்று பாருங்கள். நோடு தன் சொந்தப் பெயருக்குத் தரும் விடையும் முக்கியம். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகள், பெயர்-முகவரிப் பட்டியலான ஹோஸ்ட்ஸ் கோப்பில் அதை 127.0.1.1 என்று எழுதிவைப்பதுண்டு. அந்த முகவரியைத் தன்னுடையது என அறிவிக்கும் நிரலை வேறெந்த நோடும் அடைய முடியாது.

அடுத்து, மறுமுனை பதிலளிக்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளை. வழக்கமான பிங் 56 பைட் தரவையே அனுப்புவதால், அது வெற்றி பெற்றாலும் பெரிய பாக்கெட்டுகள் (தரவுப் பொதிகள்) போய்ச் சேரும் என்று சொல்வதற்கில்லை. எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 என அமைத்திருந்தால், பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்ற விருப்பத்துடன் 8972 பைட் அனுப்புங்கள். மீதி 28 பைட் ஐபி, ஐசிஎம்பி தலைப்புகளுக்குரியது. இடையிலுள்ள ஸ்விட்ச் 1500 பைட்டுக்கு மேல் அனுமதிக்காவிட்டால், சிறிய பாக்கெட்டுகள் தடையின்றிச் செல்ல, பெரியவை மட்டும் எந்தப் பிழைச் செய்தியும் இன்றித் தொலைந்துபோகும்.

வேறொரு நோடில் தொலைவிலிருந்து கட்டளை இயக்க உதவும் எஸ்எஸ்எச் இணைப்பை, கடவுச்சொல் கேட்காத பேட்ச்மோட் விருப்பத்துடன், இரு திசையிலும் சோதியுங்கள்.

ஃபயர்வாலில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கிளஸ்டரில் வேலைகளைப் பகிர்ந்தளிக்கும் மென்பொருளான ஸ்லர்ம் இயல்பாக 6817, 6818 ஆகிய போர்ட்டுகளைப் பயன்படுத்துகிறது. ஆனால் எம்பிஐ செயல்முறைகள் தமக்குள் பேச, முன்கூட்டிச் சொல்ல முடியாத போர்ட்டுகளைத் திறக்கின்றன. ஆகவே எஸ்எஸ்எச்சுக்குரிய 22-ஆம் போர்ட் திறந்திருப்பது போதாது. ஒரு நோடில் நெட்கேட் மூலம் ஓர் உயர்ந்த எண் போர்ட்டைத் திறந்துவைத்து, மற்றொன்றிலிருந்து இணைத்துப் பாருங்கள். உள் வலையமைப்பு வெளியுலகிலிருந்து பிரிக்கப்பட்டிருந்தால், அதற்குள் எல்லாப் போர்ட்டுகளையும் அனுமதிப்பதே நல்லது என்பது என் கருத்து.

வேகத்தை ஐபெர்ஃப்3 என்ற அளவீட்டுக் கருவி காட்டும். ஒரு கிகாபிட் இணைப்பில் ஏறத்தாழ 940 மெகாபிட் வர வேண்டும்; 94 வந்தால் இணைப்பு 100 மெகாபிட்டில் இயங்குகிறது என்று பொருள், கேபிளைப் பாருங்கள்.

கடைசியாக எம்பிஐ. எம்பிஐ நிரல்களைத் தொடங்கும் எம்பிஐரன் மூலம், நோடின் பெயரை அச்சிடும் ஹோஸ்ட்நேம் கட்டளையை ஓட்டினால், செயல்முறைகள் தொடங்குகின்றன என்பது மட்டுமே தெரியும். அவை ஒன்றோடொன்று பேசுவதில்லை. செய்தியை வட்டமாகக் கைமாற்றும் சிறு நிரலை ஓட்டுங்கள். அது நின்றுபோனால், கன்டெய்னர் மென்பொருளான டாக்கர் உருவாக்கிய மெய்நிகர் வலையமைப்பு இடைமுகத்தை, எம்பிஐ நூலகங்களில் ஒன்றான ஓபன்எம்பிஐ தேர்ந்தெடுத்திருக்கலாம். சரியான இடைமுகத்தைக் குறிப்பிட்டு, நோடுகளை இரண்டிரண்டாக எடுத்து ஓட்டினால் பழுதான ஜோடி தனியே தெரியும்.