பாலக்காட்டு வெயிலில் குள்ள எலி வளர்ப்பது எப்படி?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கம் வீடு இருந்து குள்ள எலி வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கேயோ குளிர்நாட்டில் இருப்பவர்கள் சொல்லும் முறையை அப்படியே நம் ஊரில் செய்தால் சித்திரை தாண்டுவதற்குள் எலி செத்துவிடும்.

குள்ள எலி தனி இனம் இல்லை, வழக்கமான வளர்ப்பெலிதான். வளர்ச்சி ஹார்மோன் குறைவாகச் சுரக்கவைக்கும் மரபணு தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால் குட்டி சிறிதாகவே நின்றுவிடும். சாதாரண ஆண் எலி 450 கிராமைக்கூடத் தாண்டும். குள்ள எலி பெரும்பாலும் 100 முதல் 150 கிராம்தான். ஆயுள் 2 முதல் 3 வருடம்.

முதல் படி: பார்த்து வாங்குங்கள்

சாதாரண எலிக்குட்டியையோ வெள்ளைச் சுண்டெலியையோ குள்ள எலி என்று காட்டினால் புதியவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. சுண்டெலி 30 கிராம் அளவில் நின்றுவிடும். சாதாரண வளர்ப்பெலிக் குட்டி வாரத்துக்கு வாரம் எடை ஏறும், எட்டு வாரத்தில் 150 கிராமைத் தாண்டிவிடும். அதனால் குட்டியின் வயதைக் கேளுங்கள், சமையல் தராசில் நிறுத்துப் பாருங்கள், முடிந்தால் தாய் தகப்பனையும் பார்த்துவிடுங்கள். வயலில் பிடித்த எலியை வளர்க்க நினைக்கவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். எலி கூட்டமாக வாழும் பிராணி, தனியாக இருந்தால் ஒடுங்கிப்போகும். இரண்டும் ஒரே பாலாக இருக்கட்டும். ஐந்து, ஆறு வாரத்திலேயே இனப்பெருக்கம் செய்யும் பருவம் வந்துவிடும், சினைக்காலம் 21 முதல் 23 நாள்தான், ஒரு ஈற்றில் பத்துக் குட்டிகூடப் போடும்.

இரண்டாம் படி: கூண்டு

லவ் பேர்ட்ஸ் கூண்டு போதும் என்று பலர் சொல்வார்கள். முதலில் கம்பி இடைவெளியை அளந்து பாருங்கள். 1 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வேண்டாம். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். இரண்டு எலிக்கு 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம் இருந்தால் தாராளம். அடித்தளம் கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும், அதன்மேல் பலகைபோல ஏதாவது போட்டு மூடுங்கள். மீன் தொட்டி கூடாது. காற்றோட்டம் இல்லாமல் மூத்திரத்தின் அமோனியா தேங்கி நுரையீரலைக் கெடுக்கும்.

அடியில் விரிக்க, கிழித்த வெள்ளைக் காகிதம் நல்லது. மர மில்லிலிருந்து அள்ளிவரும் மரத்தூளும் உமியும் வேண்டாம், தூசி மூக்கில் ஏறும். பழைய வேட்டித் துணி போடலாம், ஆனால் தொங்கும் நூலை நறுக்கிவிடுங்கள். விரல் சிக்கிக்கொள்ளும்.

மூன்றாம் படி: வெயில்

எல்லாவற்றையும்விட இதில்தான் கவனம் வேண்டும். எலிக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை வால் வழியாகவும், எச்சிலை ரோமத்தில் தடவியும்தான் வெளியேற்றும். 26 டிகிரி வரை சுகமாக இருக்கும், 30 தாண்டினால் திணறும். நம் பக்கம் பங்குனி, சித்திரையில் 40 வரைக்கும் போகிறது. 120 கிராம் உடம்பு சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் தண்ணீர் வற்றும்.

தகரக் கூரைக்கும் மொட்டை மாடிக்கும் கீழே கூண்டை வைக்காதீர்கள். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், தரையை ஒட்டி வையுங்கள். ஒரு சிறிய மண்பானையின் வாயைச் சற்று அகலமாக உடைத்து, விளிம்பைத் தேய்த்து வழவழப்பாக்கி உள்ளே படுக்கப் போடுங்கள். மதியத்தில் அதன்மேல் ஈரத்துணி போர்த்தினால் உள்ளே இதமாக இருக்கும். பங்குனியின் வறண்ட காற்றுக்கு இது அருமையாக வேலை செய்யும். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் காற்றே ஈரமாக இருக்கும், துணியால் பலன் இல்லை. அப்போது உறையவைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வையுங்கள்.

எலி நீட்டிப் படுத்து, எச்சில் ஒழுகி, வால் சுட்டால் அது வெப்பத்தாக்கு. வாலையும் பாதத்தையும் சாதாரணக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால் ஒற்றியபடி மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் வைக்கக் கூடாது.

அப்புறம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று. கார்த்திகை முதல் தை வரை அது தூசியோடு வீசும்போது கூண்டை ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள்.

நான்காம் படி: தீனி

100 கிராம் எடைக்கு ஒரு நாளைக்கு 5 முதல் 10 கிராம் போதும். எலிக்கென்று விற்கும் குச்சித் தீனிதான் (பெல்லட்) அடிப்படை. கூடவே கொஞ்சம் கம்பு, உப்பில்லாத மட்ட அரிசிச் (கேரளச் சிவப்பரிசி) சோறு, முருங்கைக்கீரை, வெள்ளரித் துண்டு கொடுக்கலாம். கடலை எப்போதாவது ஒன்று. மழைக்காலத்தில் பூசணம் பிடித்த கடலை ஒன்றுகூட உள்ளே போகக் கூடாது, அதிலுள்ள நஞ்சு ஈரலை அழிக்கும். எலியால் வாந்தி எடுக்க முடியாது, தப்பாகத் தின்றது உள்ளேயே தங்கிவிடும். வேகவைக்காத மொச்சையும் வேகவைக்காத உருளைக்கிழங்கும் வேண்டாம். தண்ணீரைப் பாட்டிலில் வையுங்கள், தினமும் மாற்றுங்கள்.

ஐந்தாம் படி: பழக்குவது

குள்ள எலிகள் துறுதுறுவென்று துள்ளும். முதல் சில நாள் கூண்டருகே உட்கார்ந்து பேசினாலே போதும். பிறகு உள்ளங்கையில் ஒரு பருக்கை தயிர்ச்சோறு வைத்து, அதுவாக வரும்வரை காத்திருங்கள். வாலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. தரையில் உட்கார்ந்தே கையில் எடுங்கள். நின்றுகொண்டு எடுத்துத் துள்ளிவிட்டால் கால் ஒடியும்.

ஆறாம் படி: நோய்

வீட்டுப் பெரியவர்கள் எலிக்காய்ச்சலை நினைத்துப் பயப்படுவது நியாயம்தான். கேரளத்தில் மழைக்காலம்தோறும் அது வருகிறது, 2018 வெள்ளத்துக்குப் பின் வேகமாகப் பரவியது. பெரும்பாலும் வெளி எலிகளின் மூத்திரம் கலந்த தண்ணீரில்தான் தொற்றும். ஆகவே வெளி எலி கூண்டை நெருங்கவிடாதீர்கள், சிந்திய தானியத்தை ராத்திரியே கூட்டிவிடுங்கள், தீனியை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். எலியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கையில் புண் இருந்தால் கூண்டைச் சுத்தம் செய்யும் வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கண், மூக்கைச் சுற்றிச் சிவப்பாகப் படிந்தால் பலர் ரத்தம் என்று பதறுவார்கள். அது கண்ணீரின் நிறமி. கொஞ்சமாக இருந்தால் பரவாயில்லை, தொடர்ந்து வந்தால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். மூச்சில் சத்தம் கேட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். எல்லாக் கால்நடை மருத்துவரும் எலியைப் பார்ப்பதில்லை. வாங்குவதற்கு முன்பே பொள்ளாச்சியிலோ கோவையிலோ திருச்சூர் பக்கத்து மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ விசாரித்து, எலி பார்ப்பவரின் எண்ணைக் குறித்து வையுங்கள்.