மீன் தின்கிற ஊரில் தைராய்டா?

"தினம் மீன் ஆணம் வைக்கிற வீட்டுல தைராய்டு எப்படி மதினி வரும்?" கீழக்கரையில் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டார். கையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு, முகத்தில் நம்பாத பார்வை.

கேள்வி நியாயமானதுதான். அயோடின் குறைந்தால் கழுத்துக் கழலை வரும் என்று பள்ளியிலேயே படித்தோம். கடல்மீனில் அயோடின் உண்டு. ஆனால் இவருக்கு வந்தது வேறு வகை. நோய் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைப் பகையாக நினைத்துத் தாக்குகிறது. இதை 1912-ல் முதலில் விவரித்த ஹகாரு ஹஷிமோட்டோ ஜப்பான்காரர். மீனும் கடல்பாசியும் அன்றாடச் சாப்பாடாக இருக்கிற நாடு அது! அவர் எழுதிய நான்கு நோயாளிகளும் பெண்கள்.

அதனால் "அயோடின் போதவில்லை போல" என்று பாசிப்பொடி, அயோடின் சொட்டு மருந்து எதையும் தானாகத் தொடங்க வேண்டாம். இந்த நோயில் மிதமிஞ்சிய அயோடின் சுரப்பியை இன்னும் மந்தமாக்கலாம். அதற்காக அயோடின் உப்பை விட்டுவிட்டு வாலிநோக்கம் பக்கத்து உப்பளக் கல் உப்புக்குத் தாவுவதும் தப்பு. கடல்நீரில் விளைந்தாலும் கல் உப்பில் அயோடின் சொற்பமே.

பெரிய தவறு அடுத்தது. "எதிர்ப்பு சக்தி குறைஞ்சுபோச்சு, அதான்" என்று கஷாயமும் சத்து மாத்திரையும் வாங்குவது. உண்மை நேர்மாறு. இந்த நோய் அதிகம் வருவது பெண்களுக்கு; அவர்களுடைய எதிர்ப்பு சக்தியோ பலமானது. தடுப்பூசி போட்டால் பொதுவாகப் பெண்ணுடம்பில்தான் எதிர்ப்பொருள் அதிகம் உருவாகிறது. பல தொற்றுகளில் ஆண்களே அதிகம் சாகிறார்கள். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். ஒன்றை உடம்பு அடக்கி வைத்தாலும், அதிலுள்ள சில மரபணுக்கள் அடங்காமல் வேலை செய்கின்றன. அவற்றில் சில நோய் எதிர்ப்புக்கானவை. ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்துகொள்கிறது. காவல் பலமாக இருக்கிற வீட்டில் சில நேரம் வீட்டுக்காரரையே அடித்துவிடுவது மாதிரி. இதில் எதிர்ப்பு சக்தியை இன்னும் ஏற்றி என்ன செய்யப் போகிறோம்? அதிலும் அஸ்வகந்தா (அமுக்கரா) தைராய்டு ஹார்மோன் அளவையே மாற்றக்கூடும். சாப்பிட்டால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

பிள்ளை பெற்ற வீட்டில் நடப்பதுதான் எனக்கு அதிக வருத்தம். கர்ப்பத்தில், வயிற்றிலுள்ள பிள்ளையைத் தாக்காதபடி எதிர்ப்பு சக்தி சற்று அடங்கியிருக்கும். பிரசவத்துக்கு அப்புறம் துள்ளி எழும். சிலருக்கு அப்போது தைராய்டைத் தாக்கும். முதலில் படபடப்பு, மெலிவு. சில மாதம் கழித்து அசதி, முடி கொட்டுதல், மனச்சோர்வு. தாய்மார்களில் 100-க்கு ஏறத்தாழ 5 பேருக்கு இது வருகிறது. "பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று மாமியாரும் அம்மாவும் ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள் (அவர்கள் ஒத்துப்போகிற அபூர்வ விஷயம்). தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை ஒன்று போதும், தெரிந்துவிடும்.

சரி, தைராய்டு மாத்திரைக்கு வருவோம். விடியலில் பாசி எடுக்கப் போகும் அவசரத்தில் டீயோடு சேர்த்து விழுங்கினால் மருந்து முழுதாக உடம்பில் சேராது. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைக்கு 4 மணி நேர இடைவெளி. நோன்பு மாதத்தில் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம், அல்லது சஹர் (விடியலுக்கு முந்தைய) சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. எது தோது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். "ரிப்போர்ட் நார்மல்" என்றதும் நிறுத்துபவர்களும் உண்டு. மாத்திரை போடுவதால்தான் அது நார்மல். கர்ப்பம் தரித்தால் தேவை கூடும். நாள் தள்ளிய உடனே மருத்துவரைப் பாருங்கள்.

ஆண்களுக்கும் வரும், குறைவாக. பக்கத்து வீட்டுப் பெண் சீட்டை மடித்துக்கொண்டே சொன்னார்: "அவுகளும் ஆறு மாசமா தூங்கி வழியுறாக. வலை இழுத்த அசதின்னு விட்டுட்டேன்." அவருக்கும் அதே பரிசோதனையை எடுக்கச் சொன்னேன்.