காதால் ஊர் சுற்றுவது எப்படி? முதல் ஒலிநடைக்கு ஒரு வழிகாட்டி

1966இல் மேக்ஸ் நியூஹாஸ் என்ற தாளவாத்தியக் கலைஞர் நியூயார்க்கில் சில நண்பர்களை ஒரு தெருமுனைக்கு வரச்சொன்னார். வந்தவர்களின் கையில் ‘கேள்’ என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, 14ஆம் தெரு வழியாக, ஒரு மின் நிலையத்தின் உறுமல் கேட்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து மேலும் நடந்து தன் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் தாளவாத்தியம் வாசித்துக் காட்டினார். ஒலிநடை என்பது இதுதான்: கேட்பதற்காக மட்டுமே நடப்பது. எந்த வழியாகப் போவது, எங்கே நிற்பது என்று முடிவு செய்வதில்தான் இதன் கலை இருக்கிறது.

அதனால் முதல் வேலை பாதை போடுவது. மயிலாப்பூரையே எடுத்துக்கொள்வோம். கபாலீசுவரர் கோயில் குளக்கரையில் தொடங்கி, தெற்கு மாட வீதி, கிழக்குக் கோபுர வாசல், வடக்கு மாட வீதி, லஸ் கார்னர், கடைசியில் திருமயிலை பறக்கும் ரயில் நிலையம். வெட்டவெளி, நெரிசலான கடைத்தெரு, எதிரொலிக்கும் கான்கிரீட் என்று ஒலி மாறிக்கொண்டே வரும். கோயில் மதியத்தில் நடை சாத்தியிருக்கும், எனவே மாலையில் போங்கள். முக்கால் மணி நேரம் போதும்.

போனை சைலன்ட்டில் போடுங்கள். ஹெட்போன் கூடவே கூடாது. கூட்டமாகப் போனால் ஆறேழு பேருக்கு மேல் வேண்டாம். பேச்சும் நடை முடிந்த பிறகுதான்.

நடக்கத் தொடங்கியதும் உங்கள் ஒலியைக் கேளுங்கள்: செருப்பு, மூச்சு, துணி உரசல். 1970களில் கனடாவில் ஒலிநடை பற்றி எழுதிய ஹில்டெகார்ட் வெஸ்டர்காம்ப்பும் உடம்பிலிருந்துதான் தொடங்கச் சொல்கிறார். உங்கள் காலடியே உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் அந்தத் தெரு எவ்வளவு இரைச்சல் என்று அளக்க மீட்டர் எதற்கு?

அப்புறம் காதை மெல்ல வெளியே நகர்த்துங்கள். கேட்பதைப் பிரித்துப் பார்க்க, கனடிய இசையமைப்பாளர் மர்ரி ஷேஃபர் தந்த மூன்று வகைகள் உதவும். எப்போதும் அடியில் ஓடும் ஒலி ஒன்று. நம் கச்சேரிச் சுருதி மாதிரி, கவனிக்காமலே எல்லாம் அதன் மேல்தான் நடக்கும். மாட வீதியில் அது வண்டிகளின் முனகல். இரண்டாவது, நம்மைத் திரும்பவைக்கும் ஒலி: ஹாரன், காய்காரரின் கூவல். மூன்றாவது, அந்த இடத்துக்கே உரியது: கோயில் மணி, பூஜை நேரத்து நாகஸ்வரம். ஹாரனைக் கேட்டதும் எரிச்சல் வரும், சரிதான். ஆனால் ஒரு நிமிடம் நின்று கேட்டால் ஆட்டோ ஹாரனும் பஸ் ஹாரனும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வது புரியும்.

ரயில் நிலையத்தில் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள். மேலே ரயில் வரும்போது, ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது தடுமாறும். சாலையைக் கடக்கும்போது மட்டும் கலையை மறந்துவிட்டு இரண்டு பக்கமும் பாருங்கள்.

முடிந்ததும் உட்கார்ந்து குறிப்பு எழுதுங்கள். ‘ஒரே சத்தம்’ என்று எழுதினால் உதவாது. கடகட, கிணுகிணு, சரசர என்று நம்மிடம்தான் இரட்டைக்கிளவி கொட்டிக்கிடக்கிறதே.

பதிவு செய்ய ஆசையா? அதை இரண்டாவது நடைக்கு வையுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மைக்கில் காற்று அடிக்காதபடி மறைத்து, ஒரே இடத்தில் அசையாமல் இரண்டு நிமிடமாவது பிடியுங்கள். அதே பாதையில் விடியற்காலையில் ஒருமுறை பிடித்தால் இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்கலாம்.