இரட்சிப்புக்குத் தேதி கேட்காதீர்கள்

கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தில் என்னிடம் கேட்டார்கள்: "பிரதர், நீங்க இரட்சிக்கப்பட்ட தேதி எது?" கடவுள் என்னைப் பாவத்திலிருந்து மீட்டது எந்த நாளில் என்று கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே ஞானஸ்நானம் பெற்றவன் நான். தேதி நினைவிருப்பவர்களுக்குச் சந்தோஷம்தான். அதற்காகப் பட்டா நம்பர் கேட்பது போல எல்லோரிடமும் கேட்பது சரியில்லை. பைபிளில் அப்போஸ்தலர் பவுலே தம் நிருபங்களில் மூன்று காலத்திலும் பேசுகிறார்: எபேசியர் 2:8இல் இரட்சிக்கப்பட்டீர்கள், 1 கொரிந்தியர் 1:18இல் இரட்சிக்கப்படுகிற நாம், ரோமர் 5:9இல் இனி இரட்சிக்கப்படுவோம்.

இதைவிடப் பெரிய தவறு, கணக்குப் பார்ப்பது. இத்தனை உபவாசம், இத்தனை நவநாள் (ஒன்பது நாள் ஜெபம்), இவ்வளவு காணிக்கை. ஆகவே கடவுள் எனக்கு இவ்வளவு தர வேண்டும். மாங்காய் மண்டியில் வேண்டுமானால் இந்தக் கணக்கு செல்லும். லூக்கா 15இல் இயேசு சொன்ன கதையில், சொத்தைப் பிரித்துக்கொண்டு போய் அழித்துவிட்ட இளைய மகன் ஊர் திரும்பும்போது ஒரு வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறான். அதன் கடைசி வரி, என்னைக் கூலிக்காரனாக வைத்துக்கொள்ளும் என்பது. அப்பா அந்த வரி வரைக்கும் அவனைப் பேச விடவில்லை. அதற்குள் நல்ல உடுப்பு, மோதிரம், செருப்பு என்று ஆட்களை விரட்டுகிறார். அவன் கேட்க வந்தது வேலை; கிடைத்தது பழைய மகன் ஸ்தானம். இன்னொரு பக்கம், வீட்டை விட்டே போகாத மூத்தவன் இத்தனை வருஷம் உழைத்தேனே, ஒரு ஆட்டுக்குட்டி தந்தீரா என்று வாசலில் நின்று கணக்குச் சொல்கிறான். கோயிலுக்குத் தவறாமல் போகிற நம்மைப் போன்றவர்கள் மாட்டுவது இந்த மூத்தவன் இடத்தில்தான்.

தண்டனை போனால் போதும் என்று நினைப்பதும் உண்டு. எங்கள் பக்கத்தில் வரப்புத் தகராறில் பங்காளிகள் வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைவார்கள். ஒருநாள் கேஸ் முடியும். அப்புறமும் ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போக மாட்டார். வழக்கு தீர்ந்தது; உறவு கரியாகிக் கிடக்கிறது. பவுல் 'ஒப்புரவாகுதல்' என்று சொல்வது, அந்தப் பங்காளி மறுபடி பந்தியில் வந்து உட்காருவதை. அதிலும் 2 கொரிந்தியர் 5:18ஐக் கவனியுங்கள்: சமாதானத்துக்கு முதலில் இறங்கி வந்தவர் கடவுள். கோபக்காரப் பிதாவை இயேசு சமாளித்து அனுப்பினார் என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லாதீர்கள்.

சரி, எல்லாம் கிருபைதானே, தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் தயவுதானே, நாம் ஒன்றும் செய்ய வேண்டாமா? இது எதிர்ப்பக்கத் தவறு. இயேசு சகேயு என்ற வரி வசூல்காரன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொன்ன பிறகுதான், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் எழுந்து சொன்னான். பக்கத்துக் காட்டில் இரண்டடி நகர்த்திய வரப்பை அப்படியே வைத்துக்கொண்டு 'மன்னித்துவிட்டார்' என்று சாட்சி சொல்கிறவரைக் கண்டால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

கத்தோலிக்கர் 'மீட்பு' என்பார்கள், மற்றவர்கள் 'இரட்சிப்பு' என்பார்கள். வேறு வேறு சரக்கு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் சபையான மிசோரி லூத்தரன் சபையின் மிஷன் 1895இல் வேலை தொடங்கியது கிருஷ்ணகிரியில். தர்மபுரி கத்தோலிக்க மறைமாவட்டம் 1997இல் உருவானது. இந்த இரண்டு மரபுக்கும் பழைய சண்டையே இந்த விஷயத்தில்தான். ஆனால் 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு பொது அறிக்கையில் கையெழுத்திட்டன. கடவுள் நம்மை ஏற்றுக்கொள்வது நம் தகுதியால் அல்ல, கிருபையால். அந்தக் கிருபையே நற்செயலுக்கு நம்மை எழுப்புகிறது என்பது சாரம். அமெரிக்காவின் மிசோரி லூத்தரன் சபை அதில் சேரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ஒன்று. மா பூ கருகினாலோ வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தாலோ, 'இன்னும் சரியாக இரட்சிக்கப்படவில்லை' என்று போய்ச் சொல்லாதீர்கள். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு. யோவான் 9இல் இருக்கிறது.